பாட்டியிடம் யார் சொல்வது?

கேள்வி: என் 11 வயது மகனுக்கு சீலியாக் நோய் (கோதுமை போன்ற தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலுக்கு ஆகாத நோய்) என்று உறுதியாகி 8 மாதம் ஆகிறது. கோதுமை, மைதா, ரவை எல்லாம் நிறுத்திவிட்டோம். எதை வாங்கினாலும் போனில் ஸ்கேன் செய்து பார்த்துத்தான் வாங்குகிறோம். ஆனாலும் அடிக்கடி வயிற்றுவலி. ஞாயிற்றுக்கிழமை அம்மாபேட்டையில் என் அம்மா வீட்டுக்குப் போனால் சோறும் சாம்பாரும் மட்டும் சாப்பிடுவான். அம்மாவுக்கு இந்த நோயெல்லாம் சொன்னால் புரியாது, அப்பாவின் சர்க்கரைக்குப் பத்து வருடம் பத்தியச் சமையல் செய்தே ஓய்ந்துவிட்டார். இதைவிட நல்ல ஆப் இருக்கிறதா?
- ஒரு தந்தை, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: தம்பி, ஆப்பை விடுங்கள். அந்தச் சாம்பாரில் என்ன பெருங்காயம் போடுகிறார்கள்?

கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோதான் கலந்திருக்கும். ஒரு சிட்டிகைதானே என்று நினைக்காதீர்கள், குளூட்டன் இல்லாத உணவு என்று சொல்ல ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. ஆப் பார்கோடைப் படித்து, தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் பட்டியலோடு ஒப்பிட்டுச் சொல்கிறது, அவ்வளவுதான். லீ பஜாரில் சில்லறையாக வாங்கும் சாமானில் பார்கோடு ஏது? கோதுமை அரைத்த கையோடு உங்கள் ராகியையும் அரைத்துத் தரும் மாவு மில்லை எந்தப் போன் ஸ்கேன் செய்யும்? சப்பாத்தி சுட்ட கல்லிலேயே ஊற்றும் தோசையும் அப்படித்தான். பாக்கெட் சாமானுக்கு ஆப் உதவும், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் கம்பெனி சேர்மானத்தை மாற்றினால் அது ஆப்புக்கு உடனே தெரியாது, அதனால் லேபிளையும் ஒவ்வொரு தடவையும் கண்ணால் படியுங்கள். குளூட்டன் உள்ள தானியம் சேர்த்திருந்தால் அதில் போட்டே ஆக வேண்டும் என்பது சட்டம்.

சரி, இப்போது உங்களைத் திட்ட வேண்டும். அம்மாவுக்குப் புரியாது என்று எழுதிய அதே வரியில், பத்து வருடம் பத்தியம் சமைத்தவர் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கட்டிய கணவருக்கு எதை எவ்வளவு போடலாம் என்று கணக்குப் பார்த்துப் பத்து வருடம் அடுப்பில் நின்றவருக்கா புரியாது? நீங்கள் சொல்லவே இல்லை, அதுதான் விஷயம். அம்மா மனம் நோகுமே என்ற பயம் உங்களுக்கு, அதற்காக வயிறு நோகிறது பிள்ளைக்கு. அந்த அம்மாவுக்கு விஷயம் தெரிந்தால், தன் கையாலேயே பேரனுக்கு ஆகாததை ஊட்டியிருக்கிறோமே என்று எப்படித் துடிப்பார், யோசித்தீர்களா? இந்த நோய்க்கு வாழ்நாள் முழுக்க உணவுதான் மருந்து. உங்கள் ஒரு வீடு மட்டும் மாறினால் போதாது, பிள்ளை சாப்பிடும் ஒவ்வொரு அடுப்படியும் மாற வேண்டும், அதைப் போய்ச் சொல்ல வேண்டியது அப்பன் கடமை.

அரிசி, ராகி, கம்பு, சாமை, நம் சேலத்து ஜவ்வரிசி என்று அவனுக்கு எவ்வளவோ இருக்கிறது. கலப்பில்லாமல் வாங்கி, வீட்டு மிக்சியிலேயே அரைக்கலாம். தட்டுவடை செட் கேட்டால், மாவில் மைதா சேர்த்தீர்களா என்று கடைக்காரரிடம் கேட்காமல் வாங்கித் தராதீர்கள். வலி நிற்கவில்லையே என்று டாக்டரிடம் போகும்போது இந்தச் சாம்பாரையும் மறக்காமல் சொல்லுங்கள்.

அதற்கு முன்னால், ஞாயிறு வரை காத்திருக்காமல், இன்றைக்கே அம்மாபேட்டைக்குப் போய் அம்மாவின் பெருங்காய டப்பாவை எடுத்து, பின்பக்கத்தில் என்ன போட்டிருக்கிறது என்று அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.