ஆளில்லாத புல்வெளி

கேள்வி: அமெரிக்காவின் ஆளில்லாத புல்வெளியில் வளர்ந்த லாரா இங்கல்ஸ் வைல்டர், 65 வயதில் எழுத ஆரம்பித்துப் பெரும் புகழ் பெற்றார் என்று படித்தேன். நான் பள்ளி ஆசிரியை. வரும் மே மாதம் ஓய்வு பெறுகிறேன். இனிமேல் எழுத ஆரம்பிக்கலாமா? அவரைப் பற்றியும் கொஞ்சம் சொல்லுங்களேன்.
- ஒரு வாசகி, திருவாரூர்

பதில்: அம்மா, உங்கள் கேள்வியில் முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். 'ஆளில்லாத' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களைக் குறை சொல்ல வரவில்லை. அந்தத் தவறை லாராவே செய்திருக்கிறார், அச்சிலும் வந்தது.

1935-ல் வெளியான 'லிட்டில் ஹவுஸ் ஆன் த ப்ரெய்ரி' நாவலின் முதல் அத்தியாயத்தில், மேற்கே போனால் என்ன இருக்கும் என்று சொல்கிற ஒரு இடம் உண்டு. மரமில்லாத சமவெளி, உயரமான அடர்ந்த புல், கண்ணுக்கெட்டாத தூரம் வரை மேயும் காட்டு விலங்குகள். 'அங்கே மனிதர்கள் இல்லை. இந்தியர்கள் மட்டும் வாழ்ந்தார்கள்' என்று அந்தப் பத்தி முடியும். பூர்வகுடிகளைத்தான் அப்போது 'இந்தியர்கள்' என்றார்கள். அந்த இரண்டு வாக்கியங்களையும் சேர்த்து இன்னொரு முறை படியுங்கள். எழுதியவர், பதிப்பகத்தில் இருந்தவர்கள், பள்ளிகளில் உரக்கப் படித்துக் காட்டிய ஆசிரியர்கள், யாருக்கும் பல வருடங்களாக உறைக்கவில்லை. 1952-ல் ஒரு வாசகர் பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். அங்கே பொறுப்பில் இருந்த அர்சுலா நார்ட்ஸ்ட்ரம் என்ற பெண்மணி, தாங்கள் யாரும் அதைக் கவனிக்காமல் போனதற்கு அதிர்ந்துபோய் லாராவுக்குத் தெரிவித்தார். அப்போது லாராவுக்கு 85 வயது. சாக்கு எதுவும் சொல்லவில்லை. தன் முட்டாள்தனம், அவர்களும் மனிதர்கள்தான், திருத்திவிடுங்கள் என்று பதில் போட்டார். 1953 பதிப்பில் 'மனிதர்கள் இல்லை' என்பது 'குடியேறிகள் இல்லை' என்று மாறியது.

ஒரே ஒரு சொல். நான் வருடக்கணக்காக இந்தப் பக்கத்தில் கத்திக்கொண்டிருப்பது இதற்காகத்தான். வாசகர் கடிதங்களைப் பிரிக்காமலே குப்பைத்தொட்டியில் போடும் பத்திரிகைக்காரர்களோடு எனக்குப் பழைய சண்டை உண்டு. மறுபதிப்பு என்ற பெயரில் பழைய பிழைகளை அப்படியே மறுபடி அச்சடிப்பவர்களோடும் சண்டைதான். எந்தப் புத்தகத்துக்கும் கடைசிப் பிழைதிருத்துநர் வாசகர். ஒரு அஞ்சலட்டையில் நான்கு வரி எழுதிப் போடுகிறவரை நான் எழுத்தாளருக்குச் சமமாக மதிக்கிறேன்.

சரி, அந்தப் புல்வெளியில் யார் இருந்தார்கள்? ஓசேஜ் மக்கள். கான்சஸ் மாநிலத்தின் தென்பகுதியில் ஒப்பந்தப்படி அவர்களுக்கென்று விடப்பட்ட நிலம் அது. 1869-ல் லாராவின் அப்பா சார்லஸ் இங்கல்ஸ் மனைவியையும் இரண்டு பெண் குழந்தைகளையும் கூண்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், இண்டிபென்டன்ஸ் ஊருக்கு 13 மைல் தள்ளி மரக்கட்டைகளை அடுக்கி வீடு கட்டினார். அதற்குச் சட்டப்படி எந்த உரிமையும் கிடையாது. அவரைப்போல ஆயிரக்கணக்கானோர் நுழைந்திருந்தார்கள். நெருக்கடி தாங்காமல் 1870-ல் ஓசேஜ் மக்கள் நிலத்தைக் கொடுத்துவிட்டுத் தெற்கே போகச் சம்மதித்தார்கள். இங்கல்ஸ் குடும்பமும் 1871-ல் விஸ்கான்சினுக்கே திரும்பிவிட்டது. நாவலில் ஓசேஜ் மக்கள் வரிசை வரிசையாகக் குதிரைகளில் வீட்டைக் கடந்து போகும் காட்சி இருக்கிறது. அதைப் படித்துவிட்டு 'ஆளில்லாத' என்ற சொல்லை யாராலும் எழுத முடியாது. சொல் தவறியவரின் கண் அந்த இடத்தில் தவறவில்லை.

அந்தக் கண்ணைப் பற்றித்தான் உங்களிடம் பேச விரும்புகிறேன். '65 வயதில் ஆரம்பித்தார்' என்கிறீர்களே, அதுவும் சரியில்லை. முதல் புத்தகம் வந்தது 1932-ல், 65 வயதில். உண்மைதான். எழுத்து ஆரம்பித்தது 1879-ல் என்பேன். அந்த வருடம் அக்கா மேரிக்குக் காய்ச்சல் வந்து பார்வை போய்விட்டது. அக்காவுக்கு 14 வயது, தங்கைக்கு 12. இனி நீதான் அவளுக்குக் கண் என்று அப்பா சொன்னார். அன்று முதல் ரயில் பெட்டிக்குள் என்ன நிறம், வெளியே வானம் எப்படி இருக்கிறது, எதிரே வருபவர் என்ன உடுத்தியிருக்கிறார் என்று பார்த்ததையெல்லாம் வாயால் சொல்லிச் சொல்லிப் பழகினாள் அந்தப் பெண். கேட்பவளுக்குக் கண் தெரியாது. 'அழகாக இருக்கிறது' என்று சொன்னால் அவளுக்கு என்ன புரியும்? எது எங்கே இருக்கிறது, எப்படி அசைகிறது என்று சொல்லியாக வேண்டும். இதைவிடப் பெரிய எழுத்துப் பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

அதன் பலனை 1880-81 குளிர்காலம் பற்றிய நாவலில் பார்க்கலாம். டகோட்டாவில் டிஸ்மெட் என்ற சிற்றூர். அக்டோபரிலேயே பனிப்புயல் தொடங்கிவிட்டது. தண்டவாளம் பனியில் புதைந்து ரயில் நின்றது, மே மாதம்தான் திரும்ப வந்தது. நிலக்கரி தீர்ந்ததும் காய்ந்த புல்லை வைக்கோல் பிரிபோல இறுக்கி முறுக்கி அடுப்பில் போட்டார்கள். ஒரு முறுக்கு எரிந்து முடிவதற்குள் அடுத்தது தயாராக வேண்டும். மாவு தீர்ந்ததும் விதைக் கோதுமையைக் காபிக்கொட்டை அரைக்கும் சின்னக் கைமெஷினில் போட்டு அரைத்தார்கள். அந்த மெஷின் சத்தம் நாள் முழுக்க வீட்டில் நிற்காது, ஒருவர் கை ஓய்ந்தால் இன்னொருவர் சுற்றுவார். பசி என்ற சொல் வர வேண்டிய இடத்திலெல்லாம் இந்தச் சத்தம்தான் வருகிறது. லாரா அந்தப் புத்தகத்துக்கு 'கடுமையான குளிர்காலம்' என்று பெயர் வைத்தார். குழந்தைகளுக்குக் 'கடுமை' ஆகாது என்று பதிப்பகம் 'நீண்ட குளிர்காலம்' ஆக்கியது. அந்தத் திருத்தத்தை நான் ஏற்கவே மாட்டேன். அதை உயிரோடு கடந்தவளும் ஒரு சிறுமிதானே!

அப்புறம், இவை எல்லாவற்றையும் மகள் ரோஸ்தான் எழுதினார் என்றொரு கட்சி உண்டு. ரோஸ் வைல்டர் லேன் அம்மாவுக்கு முன்பே பெயர் வாங்கிய பத்திரிகையாளர். பிரதியைத் தட்டச்சு செய்தார், அத்தியாயங்களை மாற்றியமைத்தார், பல இடங்களில் திருத்தி எழுதினார். யாரும் மறுக்கவில்லை. ஆனால் லாரா 1930-ல் பென்சிலால் எழுதிய தன்வரலாறு கையெழுத்தில் பிழைத்திருந்து, 2014-ல் 'பயனியர் கேர்ள்' என்று அச்சாகிவிட்டது. நாவல்களின் முக்கிய நிகழ்ச்சிகள் பலவும் அதில் இருக்கின்றன. நாவல்களில் வராதவையும் இருக்கின்றன: ஒன்பது மாதத்தில் இறந்துபோன தம்பி, கடனைத் தீர்க்க முடியாமல் ராத்திரியோடு ராத்திரியாக ஐயோவாவின் பர் ஓக் ஊரைவிட்டுக் கிளம்பியது. மேரியின் கண் போனதைக் கதையில் வைக்க வேண்டும், அது இல்லாமல் கதை உண்மையாகாது என்று மகளிடம் வாதாடியதும் லாராதான். என் மேசைக்கு வரும் கதைகளில் தொடக்கத்தை வெட்டியிருக்கிறேன், முடிவை மாற்றச் சொல்லியிருக்கிறேன். அதனால் ஒரு கதைகூட என் கதை ஆகிவிடவில்லை. வயதான ஒரு பண்ணைப் பெண்ணுக்கு இவ்வளவு எழுத வராது என்ற நினைப்புதான் அந்தக் கட்சிக்கு அடியில் கிடக்கிறது என்பது என் சந்தேகம்.

இனி உங்கள் கேள்வி. எட்டு நாவல்களும் வருவதற்கு வெகு முன்பே லாரா பத்திரிகை எழுத்தாளர். அதற்குக் காரணம் கோழி. மிசூரி மாநிலம் மான்ஸ்ஃபீல்டில் தன் பண்ணையில் கோழி வளர்த்து, நிறைய முட்டை எடுக்கத் தெரிந்தவர் என்று அக்கம்பக்கத்தில் பெயர் வாங்கியிருந்தார். கோழி வளர்ப்பு பற்றி அவர் எழுதிக்கொடுத்த ஒரு பேச்சைக் கேட்ட விவசாயப் பத்திரிகை ஆசிரியர், எங்களுக்கும் எழுதுங்கள் என்று கேட்டார். 1911 முதல் பத்து வருடங்களுக்கு மேல் 'மிசூரி ரூரலிஸ்ட்' இதழில் எழுதினார். பால், வெண்ணெய், அண்டை வீட்டார், சமையலறையில் நடை குறைய சாமான்களை எங்கே வைப்பது, எல்லாம்தான். 65 வயதில் அவரிடம் இருந்தது இருபது வருடம் பழகிய கை.

உங்களுக்கும் அந்தக் கை இருக்கும். இத்தனை வருடம் வகுப்பில் நின்று, பார்க்காத ஊரையும் பார்க்காத மனிதர்களையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவர் நீங்கள். மே மாதம் வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் பள்ளியில் மதிய மணி அடித்ததும் முதலில் யார் எந்தப் பக்கம் ஓடுகிறார்கள், அதை மட்டும் ஒரு பக்கத்துக்கு எழுதி எனக்கு அனுப்புங்கள். கண் தெரியாத ஒருவருக்குச் சொல்வதாக நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.