கத்திரி வெயிலும் தையல் மெஷினும்

கேள்வி: வேலூரில் மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையில் மெஷின் போட்டு, நான்கு ஆண்டுகளாக பிளவுஸும் சுடிதாரும் தைத்துக் கொடுக்கிறேன். ஏப்ரல் பிறந்துவிட்டாலே மெஷின் முன் உட்கார மனம் வருவதில்லை. சமையல் முடித்துப் பதினொரு மணிக்கு உட்கார்ந்தால், ஒரு கை தைப்பதற்குள் எழுந்துவிடுகிறேன். விட்டதை இரவில் தைக்கலாம் என்றால் அதுவும் முடிவதில்லை. பிள்ளைகள் இருவருக்கும் விடுமுறை. சொன்ன தேதிக்குத் துணி கொடுக்க முடியாமல் பேச்சு வாங்குகிறேன். "வீட்டுலதானே இருக்கே, என்ன கஷ்டம்?" என்கிறார் கணவர். எனக்குச் சோம்பல் வந்துவிட்டதா?

பதில்: அன்புச் சகோதரி, மற்ற மாதங்களில் ஒழுங்காக நடக்கும் வேலை ஏப்ரலில் மட்டும் தடைபடுகிறது என்றால், அதற்குச் சோம்பல் என்று பெயர் வைக்க வேண்டியதில்லை. பகல் முழுவதும் வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம், சூரியன் மறைந்த பிறகும் அந்தச் சூட்டை அறைக்குள் இறக்கிக்கொண்டே இருக்கும். எனவே நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் முற்பகலும் இரவும் அந்த அறைக்குச் சற்றும் ஒவ்வாத நேரங்கள். உற்சாகம் வரட்டும் என்று காத்திருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நேரத்தை மாற்றிப் பாருங்கள்.

காலை ஐந்து மணிக்கு மெஷின் அறைக்குப் போய்விடுங்கள். வெட்டும் வேலையையும் இஸ்திரியையும் அப்போதே முடித்துவிட வேண்டும். பட்டுத் துணியையோ ஷிஃபானையோ விரித்துச் சாக்கட்டியால் கோடு போடும்போது மின்விசிறி ஓடினால் துணி நகர்ந்து அளவு பிசகும்; மே மாத நண்பகலில் விசிறியை நிறுத்தினாலோ நெற்றி வியர்வை பட்டின் மேல் விழுந்து கறையாகும். விடியற்காலையில் இந்த இரண்டு தொல்லையும் குறைவு. எட்டரை மணி வரை மெஷின் தையல், பிறகு வீட்டு வேலை. மதியம் அந்த அறைப் பக்கமே போகாமல் பிள்ளைகளோடு இருங்கள். கொக்கி வைப்பது, ஓரம் மடித்து அடிப்பது, சேலைக்கு ஃபால்ஸ் தைப்பது போன்ற கைவேலைகளை வெயில் தாழ்ந்தபின் வாசலில் காற்றாட உட்கார்ந்து செய்யலாம். வெட்டுவதற்கு முன் லைனிங் துணியை நனைத்துக் காய வைப்பீர்கள் அல்லவா, அது மட்டும் கோடையில் வெகு விரைவில் முடிந்துவிடும்.

பிள்ளைகளைச் சில நாள்கள் பாட்டி வீட்டுக்கோ சித்தி வீட்டுக்கோ அனுப்ப வழியிருந்தால் அனுப்புங்கள். இல்லாவிட்டால், அந்த மூன்றரை மணி நேரத்தில் அவர்களுக்குப் பால் காய்ச்சித் தருவது உங்கள் கணவரின் பொறுப்பாகட்டும். வாதாடிப் பயனில்லை, எந்தத் துணிக்கு எத்தனை மணி நேரம், எவ்வளவு கூலி என்று ஒரு மாதம் நோட்டில் எழுதி அவரிடம் காட்டுங்கள்.

எனக்கு உண்மையில் கவலை தருவது, நீங்கள் ஏற்கும் ஆர்டரின் அளவுதான். மே 4 வாக்கில் தொடங்கிக் கடைசி வாரம் வரை நீளும் அக்கினி நட்சத்திர நாள்களிலேயே வைகாசி முகூர்த்த பிளவுஸ்களும் ஜூனில் திறக்கும் பள்ளிகளுக்கான சீருடைகளும் சேர்ந்து வருகின்றன. வந்த துணியையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டால், அறை மூலையில் குவியும் பைகளைப் பார்த்தே மனம் சோர்ந்துவிடும். காலை நேரத்தில் மட்டும் வாரத்துக்கு எத்தனை உருப்படி முடிகிறது என்று பார்த்து, அதற்கு மேல் வருபவர்களிடம் ஜூன் பத்துக்குப் பிறகுதான் முடியும் என்று சொல்லிவிடுங்கள். சிலர் வேறு டெய்லரிடம் போவார்கள், போகட்டும். அவசரம் என்பவரிடம் கூடுதல் கூலி கேட்பதில் தவறில்லை. ஆரி வேலை போல நேரம் தின்னும் ஆர்டர்களை மே மாதத்தில் தொடவே வேண்டாம்.

வீட்டு உரிமையாளர் சம்மதித்தால் தளத்தின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு பூசுங்கள், அறைச் சூடு குறையும். எழுந்து போக வேண்டியிருக்குமே என்று தண்ணீர் குடிக்காமல் தைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. உங்களுக்கும் இருந்தால் விட்டுவிடுங்கள். தலைசுற்றலோ தசைப்பிடிப்போ வந்தால் வேலையை நிறுத்திவிட்டு நிழலான இடத்துக்கு வந்து நீர் அருந்துங்கள். அப்படியும் தணியாவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும்.

தேதி தவறிய துணிக்காரர்களுக்கு, அவர்கள் கேட்கும் வரை காத்திராமல், இன்றே நீங்களாகப் போன் செய்து புதிய தேதியைச் சொல்லுங்கள். அந்தத் தேதியைக் கணக்கிடும்போது இரவு நேரத்தைச் சேர்க்காதீர்கள்.