பழைய லாரியில் பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டரும் மங்கலாக எரிகிறது. பல்பு மாற்றியும் சரியாகவில்லை. ஏன்?

பல்பைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் பின்பக்க லைட்டின் எர்த், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு, போயிருக்கும். சேஸிஸுக்கு (வண்டியின் இரும்புச் சட்டம்) போக வழியில்லாத கரண்ட், பக்கத்து பல்பின் ஃபிலமென்ட் வழியாகத் திரும்புகிறது.

மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவில், சிவப்பு முனை பல்பு ஹோல்டரின் உடம்பில். ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். 24 வோல்ட் வண்டியில் அரை வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் நல்லது. 2, 3 வோல்ட் என்றால் கோளாறு அங்கேதான். ஓம்ஸில் (மின்தடை அளவு) சோதித்து ஏமாறாதீர்கள். ஒற்றை இழையில் தொங்கும் வயரும் பல்பின் கரண்ட் ஓடாதபோது நல்லதாகவே காட்டும்.

அடுத்து கறுப்பு முனையை சேஸிஸில் வையுங்கள். அதே வோல்ட் வந்தால் லைட்டின் எர்த் போல்ட்டில் துரு. கழற்றி, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, வயர் முனையில் புது லக் (போல்ட்டில் மாட்டும் உலோக வளையம்) போட்டு முறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். வோல்ட் காணாமல் போனால் பேட்டரியிலிருந்து சேஸிஸுக்கு வரும் எர்த் கேபிளைப் பாருங்கள்.