பதில்: மின்தடைக்குப் பிறகு எஸ்எஸ்டியிலிருந்து பூட் ஆகவில்லை

நண்பரே, மின்தடைக்குப் பிறகு கணினி தொடங்கவில்லை, எஸ்எஸ்டியின் (விண்டோஸ் இருக்கும் டிஸ்க்) பெயர் பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் வரும் கணினியின் அமைப்புத் திரை) தெரிகிறது, பூட் பட்டியலில் (கணினி எதிலிருந்து தொடங்கலாம் என்ற பட்டியல்) மட்டும் இல்லை, தேதியும் பல வருடம் பின்னால் போய்விட்டது என்கிறீர்கள். அந்தத் தேதிதான் துப்பு. மின்சாரம் இல்லாதபோதும் தேதியைக் காக்கும், மதர்போர்டில் உள்ள பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். மின்சாரம் போனதும் பயாஸ் அமைப்புகள் எல்லாம் தயாரிப்பாளர் வைத்த ஆரம்ப நிலைக்குத் திரும்பிவிட்டன. எஸ்எஸ்டி மேல் எனக்குச் சந்தேகமே இல்லை.

பவர் கேபிளைக் கழற்றிவிட்டு சிஆர்2032 பேட்டரியை மாற்றுங்கள். 3 வோல்ட், கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும். அப்புறம் பயாஸில் தேதியைச் சரிசெய்து, சிஎஸ்எம் என்ற அமைப்பைப் பாருங்கள். பழைய முறை டிஸ்கிலிருந்தும் பூட் ஆக விடுவது அதுதான். விண்டோஸ் 7 போட்டு, அதையே 10 ஆக்கியதாகச் சொன்னீர்களே, அப்படியானால் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பகிர்வு முறையில் இருக்க வாய்ப்பு அதிகம். சிஎஸ்எம் அணைந்திருந்தால் அந்த டிஸ்க் பூட் பட்டியலில் வராது. சிஎஸ்எம்மை இயக்கி, சேமித்து, மறுபடி பாருங்கள்.

பட்டியலில் வந்தும் நீலத்திரை வந்தால், பயாஸில் சாட்டா மோடு (மதர்போர்டு டிஸ்குடன் பேசும் முறை) மாறியிருக்கலாம். ஏஹெச்சிஐ, ஐடிஇ, ரெய்டு என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கலாம். ஏற்கெனவே ரெய்டில் டிஸ்குகளைச் சேர்த்து வைத்திருந்தால் மட்டும் இந்த மோடில் கை வைக்காதீர்கள்.

விண்டோஸை மறுபடி போடச் சொல்லும் கடைக்காரரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். பேட்டரி மாற்றிய பிறகு என்ன ஆகிறது என்று இங்கே எழுதுங்கள்.