எஃப்டிபி முடிஞ்சுது, கிளாஸ்ல ஒண்ணும் மாறலயே?

திருமங்கலம் பக்கம் ஆர்ட்ஸ் காலேஜ்ல காமர்ஸ் எடுக்குற மேடம் ஒருத்தங்க கேட்டிருக்காங்க: டீம் பேஸ்டு லேர்னிங்குக்கு (பிள்ளைங்க டீமா சேந்து பேசி முடிவெடுத்துப் படிக்கிற முறை) ஒருநாள் எஃப்டிபி, அதான் ஆசிரியர்களுக்கான பயிற்சி, வச்சோம், எல்லாரும் சர்டிபிகேட் வாங்கிட்டுப் போயிட்டாங்க, கிளாஸ்ல ஒருத்தரும் பண்ணல, எப்படி வழிக்குக் கொண்டுவர்றது?

பிபிடி ஓட்டுனா அப்படித்தான் மேடம் ஆகும். அடுத்தவாட்டி சார், மேடம் எல்லாரும் ஸ்டூடன்ட்டா உக்காரட்டும். முந்தின நாளே நாலு பக்கம் படிக்கக் குடுத்துருங்க, வந்ததும் பத்து எம்சிக்யூ (நாலு விடைல ஒண்ணத் தேர்ந்தெடுக்குற கேள்வி) தனித்தனியா எழுதட்டும், பேப்பர வாங்கிவச்சுட்டு அதே பத்தையும் அஞ்சாறு பேர் டீமா சேந்து பேசி இன்னொருக்கா எழுதச் சொல்லுங்க. பெரும்பாலும் அந்த டீம்ல நல்லா எழுதுனவர் மார்க்கையே டீம் மார்க் தாண்டிரும், அதக் கண்ணால பாத்தவரு அப்புறம் நம்ம சொல்லித்தான் நம்பணும்னு இல்ல.

அறுபது பிள்ளைகள வச்சுக்கிட்டு எப்படிம்பாங்க. ஓக்லஹோமா யுனிவர்சிட்டில லாரி மைக்கேல்சன்ங்கிற பேராசிரியர் 1970கள் கடைசில இந்த முறைய ஆரம்பிச்சதே கிளாஸ் 40ல இருந்து 120 ஆனதாலதான். பெஞ்ச நகட்ட முடியாட்டி முன்னாடி பெஞ்சு பிள்ளைகள் திரும்பி உக்காந்தாப் போதும். டீம நீங்கதான் பிரிக்கணும், தமிழ் மீடியம், இங்கிலீஷ் மீடியம், ஹாஸ்டல், டே ஸ்காலர்னு கலந்து, செமஸ்டர் முழுக்க மாத்தாம.

நிஜமான கஷ்டம் கேள்வி தயாரிக்கிறதுலதான் இருக்கு, முக்காவாசிப் பேர் விட்டுட்டுப் போறதும் இங்கதான். 'ஓவர்டிராஃப்ட்னா என்ன'ன்னு கேட்டா டீம் எதுக்கு? மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கட, தீபாவளிச் சரக்கெடுக்கப் பணம் பத்தல, ஓவர்டிராஃப்டா, சப்ளையர் கடனா, நகைக்கடனா, புது பார்ட்னரா, ஒண்ணுதான் எடுக்கலாம்னு கேளுங்க. எல்லா டீமுக்கும் ஒரே கேள்வி, ஒரே நேரத்துல ஏ பி சி டி அட்டையத் தூக்கணும், அப்பத்தான் 'நீ ஏண்டா அதச் சொன்ன'ன்னு சண்ட வரும், பாடம் அதுலதான். எஃப்டிபில மத்தியானம் பூரா ரெண்டு ரெண்டு பேரா இந்த மாதிரி கேள்வி எழுதவச்சு அங்கயே வாங்கிருங்க.

எல்லாரையும் இழுக்காதீங்க, இஷ்டப்பட்ட ரெண்டு பேர் ஒரே ஒரு யூனிட் பண்ணட்டும். அசைன்மென்ட்டுக்குப் போடுற இன்டர்னல் மார்க்க டீம் டெஸ்ட்டுக்கு மாத்த பிரின்ஸிபால்கிட்ட முதல்லயே கேட்டுருங்க, மார்க் இல்லாட்டி பிள்ளைங்க படிச்சுட்டு வராது. சும்மா உக்காந்து மார்க் வாங்குறவன் இருக்கானேன்னா, கூட இருக்குறவங்களே மார்க் போடுற பியர் எவாலுவேஷன வைங்க. போர்ஷன் முடியாதேம்பாரு சீனியர் ஒருத்தர், டெஸ்ட்ல பிள்ளைங்க தப்புவிட்டத மட்டும் லெக்சர் எடுங்க சார், மிச்சத்த அவங்க படிச்சுட்டாங்கன்னு சொல்லிருங்க.