பந்தி விசாரணை யார் வேலை?

கேள்வி: ஐயா, யாங்கோன்ல ஒரு சின்ன தமிழ் சபைக்கு நான் பொருளாளர். நாப்பது குடும்பம்கூட இல்ல. கட்டட நிதின்னு கொஞ்சம் பணம் சேந்திருக்கு. பெரியவங்க தரைக்கு டைல்ஸ் போட்டு நல்ல மைக் செட் வாங்கலாம்ன்றாங்க. வாலிபர்ங்க அரிசி வாங்கிக் குடுக்கணும்ன்றாங்க, 2025 நிலநடுக்கத்துக்கு அப்புறம் மண்டலே பக்கத்துலருந்து வந்த குடும்பங்க எங்க தெருவுலயே இருக்கு. ஆனா வாலிபர்ல யாரும் கமிட்டியில இல்ல, அவங்களுக்குத் தமிழ் படிக்க வராது, பாமாலைய பர்மிய எழுத்துல எழுதிவெச்சுப் பாடுறாங்க. எங்க ஐயர், "சபையோட வேலை சுவிசேஷம், பந்தி விசாரணை, அதான் சாப்பாடு போட்டு கவனிக்கறது, நம்ம வேலை இல்லன்னு அப்போஸ்தலரே சொல்லிட்டாங்க"ன்றாரு. நெசமா சபையோட வேலைதான் என்ன?

பதில்: தம்பி, உங்க ஐயர் எடுத்தது சரியான இடம்தான், ஆனா நடுவுல ஒரு வசனத்த மட்டும் உருவிட்டாரு. அப்போஸ்தலர் நடபடிகள் 6ம் அதிகாரத்த கரண்ட் இருக்கும்போதே எடுத்து முதல் ஏழு வசனமும் படிங்க, உங்க லெட்டர்ல இருக்கிற அத்தன பேரும் அதுல இருக்காங்க.

எருசலேம் சபையில விதவைங்களுக்கு தினம் சாப்பாடு போட்டாங்க. உள்ளூர்லயே பொறந்து எபிரெய பாஷை பேசுறவங்க ஒரு பக்கம், வெளிநாட்டுல வாழ்ந்து வந்து கிரேக்கு பேசுறவங்க இன்னொரு பக்கம். கிரேக்கு பேசுற கிழவிங்க மட்டும் பந்தியில விட்டுப்போறாங்கன்னு முறுமுறுப்பு வருது. பன்னெண்டு அப்போஸ்தலரும் சபையக் கூட்டி, நாங்க வசனத்த விட்டுட்டு பந்தி விசாரிக்கப் போறது சரியில்லன்றாங்க, உங்க ஐயர் அங்கயே புத்தகத்த மூடிட்டாரு. அடுத்த மூச்சுலயே அவங்க சொன்னது, நல்ல பேரெடுத்த ஏழு பேர நீங்களே பாத்துத் தேர்ந்தெடுங்க, இந்த வேலைக்கு வெப்போம்னு. பன்னெண்டு பேரோட வேலை இல்லன்னுதான் சொன்னாங்களே தவிர சபையோட வேலை இல்லன்னு சொல்லவே இல்ல. சோறு போடுற ஏழு பேருக்கு ஜெபம் பண்ணி தலையில கை வெச்சு அனுப்பினாங்க, அது சும்மா கிச்சன் டியூட்டியா இருந்தா அதெல்லாம் எதுக்கு.

அந்த ஏழு பேரையும் வாய்விட்டுப் படிச்சுப் பாருங்க. ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்குப் பேரு! யாரு விட்டுப்போச்சுன்னு முறுமுறுத்தாங்களோ அவங்க பக்கத்து ஆளுங்க கையிலயே கரண்டியக் குடுத்துட்டாங்க, அதுவும் கமிட்டிக்கு ஒருத்தர்ன்னு சமாதானத்துக்கு இல்ல, முழுசா. நம்ம சபை கமிட்டியில எந்தக் காலத்துலயாவது இது நடந்திருக்கா, நான் முப்பது வருஷமா கமிட்டிய பாக்கறேன், முறுமுறுக்கறவன அடுத்த எலெக்ஷன்ல கழட்டிவிட்டுத்தான் பழக்கம், நானும் அதுக்குக் கை தூக்கினவன்தான்.

இன்னொண்ணு, பந்திக்குன்னு வெச்ச ஸ்தேவான் 7ம் அதிகாரத்துல அத்தனாம்பெரிய பிரசங்கம் பண்ணிட்டு கல்லடி பட்டுச் சாகிறான், பிலிப்பு 8ம் அதிகாரத்துல சமாரியாவுக்குப் போயி சுவிசேஷம் சொல்றான். சுவிசேஷம் தனி, சோறு தனின்னு நாமதான் கோடு கிழிச்சோம், அந்தக் கோடு ரெண்டு அதிகாரம்கூட நிக்கல.

நம்ம வேதாகமத்துல இதுக்குப் போட்ட தமிழ் வார்த்தையும் எனக்குப் பிடிக்கும். இப்ப விசாரணைன்னா போலீஸ்தான் ஞாபகத்துக்கு வரும், ஆனா எங்க ஆத்தா காலத்துல விசாரிக்கறதுன்னா வாசல்ல நின்னு சாப்பிட்டியா, காய்ச்சல் விட்டுச்சா, பேரன்கிட்டருந்து லெட்டர் வந்துச்சான்னு கேக்கறது. பந்தியில எல இல்லாம நிக்கிறவன் யாருன்னு கண்ணால தேடறது. அரிசி அதுக்கு அப்புறம்தான் வருது.

உங்க சபையில எல இல்லாம நிக்கிறது யாருன்னு உங்க லெட்டர்லயே இருக்கு. தெருவுல இருக்கிற மண்டலே குடும்பம் ஒண்ணு, பர்மிய எழுத்துல பாமாலை பாடுற உங்க பிள்ளைங்க ரெண்டாவது. தமிழ் போயிடும்னு பெரியவங்க பயப்படறது எனக்குப் புரியுது, 1964லருந்து நம்ம ஜனம் கப்பல் கப்பலா ஊருக்குப் போன அப்புறம் பாதி காலியான பெஞ்ச பாத்து வளந்தவங்க அவங்க, தமிழ் ஆராதனைதான் அவங்களுக்கு மிச்சம். அதக் கெடுக்காதீங்க. ஆனா அரிசி குடுக்கணும்னு மொதல்ல கண்ணுல பட்டது பிள்ளைங்களுக்குத்தானே, அப்ப அந்த வேலைய முழுசா அவங்க கையில குடுங்க, கணக்கோட சேத்து.

ஐயர் பக்கமும் நியாயம் இருக்கு, அதச் சொல்லாம விட்டா நான் பொய்யன். 1965ல மிஷன் ஸ்கூலெல்லாம் அரசாங்கத்துக்குப் போச்சு, 1966ல வெளிநாட்டு மிஷனரிங்க மூட்டை கட்டினாங்க, அன்னைக்கு சபைகிட்ட ஸ்கூலும் இல்ல, வெளிநாட்டுப் பணமும் இல்ல. மிஞ்சினது வசனம், ஜெபம், ராப்போஜனம், வீட்டுக்கு வீடு போறது, அவ்வளவுதான், அதுலதான் இந்த நாட்டு சபை இன்னைக்கு வரைக்கும் நிக்குது. வசனத்த விட்டுட்டு அரிசி மட்டும் குடுத்தா என்ஜிஓ ஆயிடுவோம், என்ஜிஓ அத நம்மள விட நல்லா செய்யும். அதனால ஐயர அரிசி மூட்டை தூக்கச் சொல்லாதீங்க, பிரசங்கத்துக்குத் தயார் பண்ண அவருக்கு நேரம் விடுங்க. ஆனா மூட்டை தூக்கறவங்க தலையில அவரு கை வெச்சு ஜெபம் பண்ணணும், அத விட்டுக்குடுக்காதீங்க.

அப்புறம் அமெரிக்க மிஷனரி ஜட்சன் கதை உங்களுக்குத் தெரியும்தானே, 1813ல ரங்கூன்ல வந்து இறங்கினவரு, பர்மிய பாஷைக்கு வேதாகமத்த முழுசா மொழிபெயர்த்தவரு. 1819ல அவரு மொதல்ல கட்டினது கோபுரம் வெச்ச கோயில் இல்ல, ரோட்டோரமா ஒரு ஸயாத். நம்ம ஊரு சத்திரம் மாதிரி, போறவன் வர்றவன் நெழலுக்கு உக்கார்ற இடம், பர்மாக்காரங்களுக்குப் பழகின இடம். அங்க உக்காந்து பேசிப் பேசி, வந்து ஆறு வருஷம் கழிச்சு அந்த வருஷம்தான் மொத ஆளு ஊ நாவ் ஞானஸ்நானம் எடுத்தாரு. அந்த ஸயாத்துல டைல்ஸ் இருந்துச்சான்னு உங்க கமிட்டிய கேட்டுப் பாருங்க. (சும்மா சொன்னேன், கேக்காதீங்க, சண்ட வரும்.)

டைல்ஸுக்கு நான் எதிரி இல்ல. 2008 மே 2ம் தேதி ராத்திரி நர்கிஸ் புயல் அடிச்சப்போ எங்க சபை தகரக் கூரை பாதி பறந்து போச்சு. ஐராவதி டெல்டா பக்கம் 1,38,000 பேருக்கிட்ட செத்தோ காணாமலோ போயிட்டாங்கன்னு அப்புறம்தான் தெரிஞ்சுச்சு. அந்த வாரமே எங்க கமிட்டியில சண்ட, கூரையா அரிசியான்னு, நான் கூரை பக்கம்தான் கத்தினேன். கடைசியில அரிசிதான் போச்சு, பக்தியில இல்ல தம்பி, தகரம் விலை ஏறின ஏத்தத்துல எங்க பணத்துக்கு கால்வாசிக் கூரைகூட வராது. தார்ப்பாய் கட்டி அந்த மழைக்காலம் முழுக்க ஆராதனை நடத்தினோம், நனையாத பக்கம் எல்லாரும் நெருக்கி உக்காந்ததுல பத்து வருஷமா பேசாத ரெண்டு குடும்பம் பேசிக்கிச்சு. அடுத்த வருஷம் கூரை போட்டோம், அதுவும் வேண்டியதுதான்.

அதனால கமிட்டி கூட்டத்துக்கு முந்தி ஒரு வேலை பண்ணுங்க. சபை ரெஜிஸ்டர எடுத்து ரெண்டு ரெண்டு பேரா, ஒரு பெரியவரும் ஒரு வாலிபரும், வீடு வீடா போங்க. யாரு படுத்த படுக்கை, யாரு வீட்டுல பிள்ளைங்க மலேசியா தாய்லாந்துன்னு போயி கிழவன் கிழவி மட்டும் இருக்காங்க, யாரு ஏன் வர்றதில்ல, எழுதிட்டு வாங்க. பிள்ளையோ பேரனோ பாத்துக்க முடிஞ்ச வீட்டுக்கு சபைப் பணம் வேண்டாம், பவுலே தீமோத்தேயுக்கு எழுதும்போது அத சொல்லியிருக்காரு, சொந்தக்காரங்க செய்யட்டும், சபை மேல பாரம் வெக்காதீங்க, ஆளில்லாத விதவைக்கு அது மிஞ்சும்னு. நாலு பேர் கோவிச்சுக்குவாங்க, பரவாயில்ல.

பணத்த நீங்க ஒருத்தரா தொடாதீங்க. கொரிந்தியருக்கு எழுதின ரெண்டாவது நிருபம் 8ம் அதிகாரத்துல, எருசலேம் ஏழைங்களுக்கு சேத்த காணிக்கைய பவுல் தனியா தூக்கிட்டுப் போகல, யாரும் குத்தம் சொல்லிடக்கூடாதுன்னு கூட ஆளு வெச்சுத்தான் அனுப்பறாரு. அப்போஸ்தலனுக்கே அந்த பயம் இருந்துச்சு. ரெண்டு கையெழுத்து, மாசா மாசம் கணக்கு நோட்டீஸ் போர்டுல. கட்டட நிதின்னு சொல்லி வாங்கின பணம்னா குடுத்தவங்கள கேக்காம ஒரு சாட் (நம்ம பர்மா காசு) கூட அரிசிக்கு மாத்தாதீங்க, அரிசிக்குத் தனியா காணிக்கை எடுங்க, எவ்வளவு கொறஞ்சாலும்.

அரிசி மூட்டைக்குள்ள கைப்பிரதி வெக்காதீங்க. 2014 சென்சஸ்படி இந்த நாட்டுல கிறிஸ்தவங்க நூத்துக்கு ஆறு பேருக்கிட்ட, பக்கத்து வீடு பூரா புத்தர கும்பிடறவங்க, பசிக்கிறவன் வாங்கும்போது தலையாட்டுவான், அது விசுவாசம் இல்ல. ஏன் குடுக்கறீங்கன்னு அவங்களா கேட்டா சொல்லுங்க, நல்லா உக்காந்து சொல்லுங்க, கேப்பாங்க.

மைக் செட் மட்டும் இப்ப வேண்டாம், நாப்பது குடும்பத்துக்கு ஐயர் தொண்டையே போதும்.

கடைசியா, அந்த மண்டலே குடும்பங்க எத்தன, அதுல கொழந்தைங்க எத்தன, வயசானவங்க யாராவது இருக்காங்களான்னு உங்க லெட்டர்ல ஒண்ணுமே இல்ல. இந்த ஞாயித்துக்கிழமை போயி விசாரிச்சிட்டு மறுபடி எழுதுங்க.