பதினைந்து ஆடுகளும் மூன்று புலிகளும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: சிறுவயதில் கோடை விடுமுறை முழுவதும் நண்பர்களுடன் கோயில் மண்டபத்தில் ஆடுபுலி ஆட்டம் ஆடியிருக்கிறேன். இப்போது பேரனுக்குக் கற்றுத்தர உட்கார்ந்தால் கட்டமே வரைய வரவில்லை. அந்த நாளில் என் பங்குக்கு எப்போதும் ஆடுகள்தான் வரும், எப்போதும் தோற்றுப்போவேன். உண்மையில் ஆடுகளால் வெல்ல முடியுமா?
— பட்டுக்கோட்டை வாசகர்

பதில்: முதலில் கட்டத்தை வரைந்துவிடுவோம். ஓர் உச்சிப் புள்ளியிலிருந்து நான்கு கோடுகள் விரிந்து கீழே இறங்கி, ஓர் அடிக்கோட்டைத் தொட வேண்டும். அந்த நான்கையும் குறுக்கே வெட்டி, இருபுறமும் சற்று வெளியே நீளும்படி மூன்று படுக்கைக் கோடுகள் போடுங்கள். அவற்றின் இடப்பக்க முனைகளை ஒரு நெட்டுக்கோட்டாலும் வலப்பக்க முனைகளை இன்னொரு நெட்டுக்கோட்டாலும் இணைத்துவிட்டால் கட்டம் முடிந்தது. எண்ணிப் பாருங்கள்: உச்சியில் 1, மூன்று படுக்கைக் கோடுகளிலும் ஆறு ஆறாக 18, அடிக்கோட்டில் 4, ஆக மொத்தம் 23 புள்ளிகள். எண்ணிக்கை குறைந்தால் எங்கோ ஒரு கோடு விட்டுப்போயிருக்கிறது என்று பொருள்.

புலிகள் 3, ஆடுகள் 15. எங்கள் தெருவில் புளியங்கொட்டைகள்தாம் ஆடுகள், புலிகளுக்குக் கூழாங்கற்கள். ஒரு புலி உச்சியிலும், மற்ற இரண்டும் அதற்குக் கீழே முதல் படுக்கைக் கோட்டில் நடுவிலுள்ள இரண்டு புள்ளிகளிலும் அமரும். ஆட்டுக்காரர் ஒரு முறைக்கு ஓர் ஆடு வீதம் கட்டத்தில் இறக்க வேண்டும்; பதினைந்தும் இறங்கி முடியும்வரை எந்த ஆட்டையும் நகர்த்தக் கூடாது. புலிக்கு அந்தத் தடை இல்லை. அது முதலிலிருந்தே நகரலாம். பக்கத்தில் ஓர் ஆடு இருந்து, அதே நேர்க்கோட்டில் ஆட்டுக்கு அப்பால் உள்ள புள்ளி காலியாக இருந்தால், தாண்டி வெட்டலாம். மூன்று புலிகளும் நகர வழியின்றி அடைபட்டால் ஆட்டுக்காரருக்கு வெற்றி. எத்தனை ஆடுகளை வெட்டினால் புலிக்கு வெற்றி என்பது ஊருக்கு ஊர் மாறும். ஆட்டம் தொடங்கும் முன்பே அதைப் பேசி முடித்துக்கொள்வது நல்லது. நாங்கள் அதைப் பேசாமல் தொடங்கி, பாதியில் சண்டையிட்டுக் கலைந்த மாலைகள் பல உண்டு.

இனி, தாங்கள் தோற்றதற்கான காரணத்துக்கு வருகிறேன். என்னுடைய அனுபவமும் ஏறக்குறைய இதுவே என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். எங்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் புலிதான் வேண்டும். வயதில் இளையவனான எனக்கு ஆடுகளைத் தள்ளிவிடுவார்கள். நானோ ஆடுகளைக் கட்டத்தின் நடுவே, புலிகளை மறிப்பதாக நினைத்துக்கொண்டு வைப்பேன்; சிறிது நேரத்துக்குள் பாதி மந்தை போய்விடும். என்னைவிட இரண்டு வயது மூத்த நண்பன் ஒருவன் மட்டும் தானாகவே கேட்டு ஆடுகளை வாங்கிக்கொள்வான். பேசாமல் ஆடுவான். அவனுடைய முதல் ஆறு ஆடுகளும் நடுப்பக்கமே வரமாட்டா. அடிக்கோட்டின் இரு மூலைகள், நெட்டுக்கோடுகளின் மேல்முனை இரண்டு, கீழ்முனை இரண்டு என்று ஓரங்களிலேயே உட்காரும். அது பயந்தவன் ஆட்டம் என்றே நான் அப்போது எண்ணினேன்.

வெகு நாள் கழித்துத்தான் கணக்குப் புரிந்தது. அந்த ஆறு புள்ளிகளிலும் எல்லாக் கோடுகளும் முடிந்துவிடுகின்றன. அப்பால் இறங்க இடமில்லாததால் அங்கே நிற்கும் ஆட்டை எந்தப் புலியாலும் தாண்ட முடியாது. அந்த ஆறும் அமர்ந்துவிட்டால், நெட்டுக்கோடுகளின் நடுப்புள்ளிகள் இரண்டும், அடிக்கோட்டின் உட்புள்ளிகள் இரண்டும் தாமாகவே பத்திரமாகிவிடுகின்றன. பத்து ஆடுகள் ஆயிற்று. பிறகு மூன்றாம் படுக்கைக் கோட்டின் உட்புள்ளிகளை ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக நிரப்பினால், ஒவ்வோர் ஆட்டுக்கும் பின்னால் இன்னோர் ஆடு முட்டுக்கொடுத்து நிற்கும். புலி முன்னால் வந்து நிற்கலாம்; வெட்ட முடியாது.

இதைப் படித்துவிட்டு ஆடுகளுக்கு வெற்றி நிச்சயம் என்று நினைத்துவிட வேண்டாம். நல்ல புலிக்காரர் வெட்டுவதற்கு அலையமாட்டார். ஆட்டுக்காரருக்குத் தேவையான மூலையில் தாமே போய் அமர்ந்துகொள்வார். மேலும், ஓர் ஆடும் வெட்டுப்படாமல் பதினைந்தும் இறங்கிய பிறகு கட்டத்தில் ஐந்தே புள்ளிகள் காலியாக இருக்கும். தம் முறை வரும்போது ஆட்டுக்காரர் ஏதாவது ஓர் ஆட்டை நகர்த்தியே ஆக வேண்டும். வேலியிலிருந்து ஓர் ஆடு விலகும் அந்தக் கணத்துக்காகத்தான் புலி காத்திருக்கிறது. ஆனால் காத்திருக்கும் புலிக்கும் ஆபத்து உண்டு: அடிக்கோட்டு மூலைக்குள் போன புலிக்கு வெளியேற இரண்டே வழிகள்; வழிக்கு இரண்டாக நான்கு ஆடுகள் நின்றால் அது அங்கேயே கிடக்கும். என் நண்பன் ஓர் ஆட்டைப் பறிகொடுத்தாவது புலியை அந்தப் பக்கம் வரவழைப்பான். அவனிடம் புலிகளோடு அமர்ந்து தோற்ற பிறகுதான், நானும் ஆடுகளைக் கேட்டு வாங்கத் தொடங்கினேன்.

கேள்வி: பல்லாங்குழி பெண் குழந்தைகளின் பொழுதுபோக்கு மட்டும்தானே? அதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று என் கணவர் கேட்கிறார்.
— திருநெல்வேலி வாசகி

பதில்: தங்கள் கணவரை ஒரு முறை எதிரே அமர வைத்து ஆடிப் பாருங்கள். தாயத்தில் கட்டை உருள்கிறது, பரமபதத்தில் பாம்பும் ஏணியும் தீர்மானிக்கின்றன. பல்லாங்குழியில் அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லை. 14 குழிகள், குழிக்கு 5 சோழி என்றால் மொத்தம் 70. எல்லாம் இருவர் கண்முன்னே கிடக்கின்றன. எந்தக் குழியை எடுத்தால் கடைசிச் சோழி எங்கே விழும், வெறுங்குழியைத் துடைத்தபின் அடுத்த குழியில் எவ்வளவு கிடைக்கும், எந்தக் குழியில் நான்கு சேர்ந்து ‘பசு’ ஆகும் என்பதையெல்லாம் கையை வைப்பதற்கு முன்பே கண்ணால் எண்ண வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டு ஆச்சி எழுதப் படிக்கத் தெரியாதவர். இரண்டு சுற்றுக்கு முன்பே முடிவைச் சொல்லிவிடுவார். நாங்கள் பையன்கள் வெட்கப்பட்டுக்கொண்டு அந்தத் திண்ணைக்குப் போகாமல் இருந்தது எங்களுக்குத்தான் இழப்பு. அதை இன்றும் வருத்தத்தோடு நினைத்துக்கொள்கிறேன்.

கேள்வி: சென்னையில் வளர்ந்த விசுவநாதன் ஆனந்த் 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார், 2022இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது, 2024இல் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனார். செஸ் இவ்வளவு வளர்ந்த பிறகு ஆடுபுலி எதற்கு?
— கோயம்புத்தூர் வாசகர்

பதில்: இரண்டையும் போட்டியாக வைக்க வேண்டியதில்லை, என் பேத்தி இரண்டையும் ஆடுகிறாள். ஆனால் செஸ்ஸில் இருவருக்கும் ஒரே படை. ஆடுபுலியிலோ இருவருக்கும் படையும் வேறு, நகர்வும் வேறு, வெற்றி என்பதன் பொருளும் வேறு. நேபாளத்தில் இதன் உறவான ‘பாக் சால்’ ஆட்டத்தை 25 புள்ளிகளில் 4 புலிகளும் 20 ஆடுகளுமாக இன்றும் ஆடுகிறார்கள். செஸ்ஸில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் காய்களை மாற்றிக்கொண்டால், முதலில் நகர்த்துவது யார் என்பதுதான் மாறும். ஆடுபுலியில் பக்கம் மாறினால் முற்றிலும் வேறொருவராக யோசிக்க வேண்டும். ஆகவே குழந்தைக்குக் கற்றுத்தரும்போது ஒரே அமர்வில் இரண்டு ஆட்டம் ஆடுங்கள்: முதலாவதில் புலிகளை அதனிடம் கொடுங்கள், ஆசை தீரட்டும், இரண்டாவதில் ஆடுகளைக் கொடுத்துவிட்டு, அது முதல் ஆட்டை எங்கே வைக்கிறது என்று எதுவும் சொல்லாமல் பார்த்திருங்கள்.